தாவீதுராஜின் வண்டிக்குப் புது பிரேக்

அருப்புக்கோட்டை டாக்ஸி ஸ்டாண்டில் தாவீதுராஜின் வண்டியை அடையாளம் காண யாரும் நம்பர் பார்த்ததில்லை. ஐம்பதுகளின் கடைசியில் வந்த அம்பாசடர், கரும்பச்சை நிறம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். சோறு போடுகிற வண்டியைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு இருந்த பழக்கம். இவருக்கு அது வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிந்திப் போனாலும் போவாரே தவிர, வண்டியைத் துடைக்காமல் போகமாட்டார்.

"நீங்க அந்த வண்டிக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி சவுந்தரம். அவர் சிரித்துக்கொள்வார்.

ஊரில் பிரசவ வலி என்றால், பாம்புக்கடி என்றால், அவரைத்தான் கூப்பிடுவார்கள். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பேர். அந்தப் பேரில் சவுந்தரத்துக்கும் பெருமை உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலில் பந்தல்குடிப் பக்கம் அந்தப் பேருக்கு அடி விழுந்தது. டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்த லோடு லாரியின் பின்னால், நல்ல வெளிச்சத்தில், வண்டி போய் இடித்தது. பின்சீட்டில் தாய் மடியில் இருந்த பிள்ளைக்கு உதடு கிழிந்துவிட்டது. தாவீதுராஜ் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மிதிச்சேன் சவுந்தரம். பிரேக்கு பிடிக்கல."

நல்லவேளை, பிரேக் என்று சவுந்தரம் நிம்மதிப்பட்டாள். பிரேக் என்றால் மாற்றிவிடலாம் அல்லவா?

பாளையம்பட்டியில் பால்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார்கள். எங்கோ மோதி நொறுங்கிய புது மாடல் வண்டியிலிருந்து முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கும் அஞ்சு கியர் பெட்டியும் பால்சாமி வாங்கி வந்தான். கியர் எதற்கு என்று சவுந்தரம் கேட்டாள். "பிரேக்க மட்டும் மாத்துனா வண்டி பாதி கெழவன் பாதி கொமரனால்ல நிக்கும்" என்றார் இவர். புதுப் பெட்டி பெரியது. அதற்காகத் தரையை வெட்டித் தகரம் வைத்துப் பற்றவைத்தான். இடம் பற்றாமல் புகைக் குழாயையும் வலப்பக்கமாக, டிரைவர் காலுக்கு அடியில் போகும்படி திருப்பிவிட்டான். வேலை முடிய ரெண்டு மாதம் ஆனது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி தாவீதுராஜ் தினமும் போய் எட்டிப் பார்த்தார்.

வண்டி வந்ததும் சபைப் போதகர் ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணினார்கள். முன்சீட்டின் நடுவில் இப்போது கியர் கம்பி நின்றது. அங்கே இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தொட்டால் நிற்கிறது என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சவுந்தரம் கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கினாள்.

மாசியில் திருச்சுழியில் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்க அவரோடு போனாள். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவர் காலடியில் கிடந்த பையை எடுக்கக் குனிந்தவள், தரையில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதென்ன, அடுப்புக் கல்லு கணக்கா கொதிக்குது! ஒங்களுக்குச் சுடலயா?"

"சுட்டா சொல்ல மாட்டனா? ஒனக்கு எல்லாமே கொதிக்கும்."

வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் சாய்ந்தபோது சவுந்தரம் அவர் வலது காலைப் பார்த்தாள். குதிகாலில் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சதை சிவந்து கிடந்தது. இன்றைய புண் மட்டும் இல்லை. அதற்கடியில் பழைய புண்ணும் இருந்தது. செருப்பு கடித்திருக்கும் என்று அவர் திரும்பிப் படுத்தார். சர்க்கரை இருக்கிறது, கால் மரத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. சீனிக் காப்பியை விட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியதையே பெரிய வைத்தியமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

மறுநாள் அவள் பாளையம்பட்டிக்கு டவுன் பஸ் ஏறினாள். பால்சாமியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: பழைய பிரேக்கில் என்ன கோளாறு இருந்தது?

பால்சாமி கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"பழசுதான் மதினி. ஆனா பிடிக்காமப் போகல. நானே பந்தல்குடி வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். அண்ணே மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நல்ல பிரேக்கா போட்டா எப்படியும் நல்லதுதானேன்னு போட்டுட்டேன்."

அவனைத் திட்ட வேண்டும் போல் இருந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் கிழிந்த உதடுதான் கண்ணுக்குள் நின்றது. மிதித்தேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மிதித்ததாகத்தான் அவர் நம்பியிருக்கிறார்.

வீட்டு வாசலில் அடுத்த தெரு ராக்கம்மாள் நின்றிருந்தாள். மகளுக்குத் தலைச்சன் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, விடிந்ததும் மதுரைக்குக் கொண்டுபோகும்படி உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "அண்ணாச்சி வாரேன்னு சொல்லிட்டாக. இனி எனக்குப் பயமில்ல" என்று சவுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். சவுந்தரத்தால் அந்தக் கையைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரம். தாவீதுராஜ் நார்க்கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து மறுநாள் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் மருந்துக் களிம்போடு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க. எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லுங்க."

"என்ன, சின்னப்பிள்ள வெளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

அவர் மூடிக்கொண்டார். அவள் வலது கால் பெருவிரலைப் பிடித்தாள். அழுத்தினாள். பிறகு நகம் பதியக் கிள்ளினாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"ம், தொடு. தொட்டாத்தான சொல்ல முடியும்?"

சவுந்தரம் விரலை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏ சவுந்தரம், எந்திரிச்சுப் போயிட்டியா?"

கண்ணைத் திறந்தார். தன் விரலையும், அதைக் கிள்ளிக்கொண்டிருந்த அவள் நகத்தையும், நகத்தடியில் கசிந்த ரத்தத்தையும் பார்த்தார். காலை இழுத்துக்கொள்ளவில்லை. யாருடைய காலையோ பார்ப்பது போல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், சண்டை பிடிப்பார் என்று அவள் எவ்வளவோ தயாராகி இருந்தாள்.

"நாளைக்கு ராக்கம்மா மகள யாரு கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டார் தாவீதுராஜ்.