ரொனால்ட் எறிந்த பந்து

ஜூன் மாதத்து ஞாயிறு, காலை ஒன்பது மணி. நகரத்தின் கிழக்குப் புறத்தில், வோபர்னில், தங்கை ரோகிணியின் அடுக்குமாடியிலிருந்து புறப்பட்டோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமையாகிறது. பார்க்கவேண்டிய இடங்களைப் பார்த்தாயிற்று. இன்றைய பயணம் காரின் முன்னிருக்கையில் இருந்தவருக்காக.

அவர் பெயர் ரொனால்ட். தொண்ணூறைத் தாண்டியவர், அதே கட்டடத்தில் தனியே வசிக்கிறார். முதியோரைப் பராமரிப்பது ரோகிணியின் வேலை. அவருக்குச் சமைத்துக் கொடுத்து, குளிக்கவும் உதவுகிறாள். இளமையில் அவர் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவர், பந்து எறிபவர். 1950களில் ஒரு மாலை, ஏரிக்கரை மைதானத்தில் அவர் எறிந்த பந்து மட்டையோடு நின்ற எதிரணி ஆட்டக்காரர் ஜோர்ஜின் கண்ணோரத்தில் பட்டது. தலைக்கவசம் எல்லோரும் போடாத காலம். ஜோர்ஜுக்கு இடக்கண் பார்வை போயிற்று. அந்தக் கோடையோடு ரொனால்ட்டும் ஆட்டத்தை விட்டார். அந்த மைதானம் இருந்த பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கவில்லை.

போன மாதம் ஜோர்ஜின் பேத்தி ஹமில்ற்றன் நகரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தாத்தா உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்றாள். ரொனால்ட் சம்மதித்தார். மறுநாள் வேண்டாமென்றார். பிறகு மறுபடியும் சம்மதித்தார். அந்தப் பழைய மைதானம் இருந்த இடத்திலேயே சந்திப்பதென்று முடிவாயிற்று.

மார்க்கம் வீதிக் கடையொன்றில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கினோம். ஒன்று இரண்டரை டொலர். ரொனால்ட் ஒன்றை உறைப்போடு ரசித்துச் சாப்பிட்டார். 401 நெடுஞ்சாலை, பிறகு டொன் பள்ளத்தாக்குச் சாலை. ஏரிக்கரை முப்பது கிலோமீற்றர் வரும். சாலையோர மரங்கள் முடிந்து நகரத்தின் உயர்ந்த கோபுரம் தெரிந்ததும், ரொனால்ட் ரோகிணியிடம் காரைத் திருப்பச் சொன்னார். அவர்கள் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“திருப்பிறன் அங்கிள்,” என்றாள் ரோகிணி. “ஆனா அந்த மனிசன் ஹமில்ற்றனிலையிருந்து வெளிக்கிட்டிட்டார். வரேல்லை எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

தன் போனை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அழைக்கவில்லை. கார் நேரே போயிற்று.

பத்தரைக்குச் சற்று முன் ஏரிக்கரையில், பதேர்ஸ்ட் வீதியின் முடிவில் இறங்கினோம். மைதானம் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. மாடிவீடுகள், வளைந்து போகும் ட்ராம் தண்டவாளம், எதிரே ஏரியிலுள்ள தீவிலிருந்து மேலெழும் சிறு விமானங்கள். அருகிலிருந்த பூங்காவில் ஒரு மேப்பிள் மர நிழலில் ஜோர்ஜ் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் பேத்தி.

ரொனால்ட் தன் கைத்தடியோடு புல்லில் மெல்ல நடந்துபோய் அவர் முன்னால் நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பயப்படுத்தத்தான் உடம்புக்குக் கிட்ட எறிஞ்சனான். அடிக்க நினைக்கேல்லை.”

“அது தெரியும்,” என்றார் ஜோர்ஜ். “பந்து வளையுமெண்டு நினைச்சு நான் விலகாமல் நிண்டிட்டன். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரேல்லை? மற்ற எல்லாரும் வந்தவை.”

இத்தனை வருடமாக ஜோர்ஜைக் குடைந்தது கண் அல்ல, இந்தக் கேள்விதான் என்று எனக்குப் பட்டது.

“வந்தனான்,” என்றார் ரொனால்ட். “வாசல்மட்டும்.”

ரோகிணி போய் ரொனால்ட்டின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பிறகு ஜோர்ஜ் பேத்தியிடம் ஏதோ சொன்னார். அவள் பையிலிருந்து ஒரு பேஸ்போலை எடுத்து ரொனால்ட்டிடம் கொடுத்தாள்.

“போடு,” என்றார் ஜோர்ஜ், இரண்டு கைகளையும் விரித்து.

ரொனால்ட் எட்டிக் கொடுக்கிற தூரத்திலிருந்து, குழந்தைக்குப் போடுவதுபோல் கையைத் தாழ்த்திப் போட்டார். ஜோர்ஜ் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, திருப்பி எறிந்தார். அது புல்லில் விழுந்தது. பேத்தி பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டாவது பந்தையும் ஜோர்ஜ் பிடித்தார்.

வெயில் ஏறுகிறது, கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ரோகிணி கண்ணால் தடுத்தாள்.

“உதென்ன எறி?” என்றார் ஜோர்ஜ். “இன்னும் கொஞ்சம் பின்னாலை போய் நில்.”

ரொனால்ட் கைத்தடியை ரோகிணியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.