நடுவில் வைத்த பியானோ

போன தை மாதம் ஹனூரிலிருந்து மைசூருக்குப் போய், பியானோவுக்குக் கும்மியடித்துவிட்டு வந்தோம். எட்டுப் பெண்கள், துணைக்கு என் சித்தி. மைசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பியானோ வாசிக்கும் ஞானம் டீச்சர், ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊர் வந்தபோது எங்கள் கும்மியைப் பார்த்தார். ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு பியானோ இசையும் இதே போல மூன்று மூன்றாகத்தான் நடக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பிறகு பள்ளி ஆண்டு விழாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். நான்காம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியது நான்தான்.

வியாழக்கிழமை காலை நான்கு மணிக்கு வண்டி கட்டினோம். கொள்ளேகாலம் பதினைந்து மைல், மாட்டு வண்டியில் ஆறரை மணி நேரம். பதினொன்றரைக்குப் பஸ். சாமராஜநகருக்கு இருபத்து நான்கு மைல், ஆளுக்கு எட்டணா. எளந்தூருக்கு முன்னால் எல்லைச் சாவடியில் நிறுத்தினார்கள்; அதற்கப்புறம் மைசூர் மகாராஜாவின் சீமை. எனக்கு என்னவோ காற்றுகூட மாறின மாதிரி இருந்தது. (சித்தி அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள்.) மூன்றரை மணி ரயிலில் மூன்றாம் வகுப்பு, முப்பத்தெட்டு மைல், ஒன்பதணா. நஞ்சன்கூட்டில் வாழைப்பழம் வாங்குங்கள், அந்த மணம் வேறெங்கும் இல்லை.

மைசூரில் இறங்கும்போது ஆறேகால். மூன்று ஜட்கா பிடித்தோம். எங்கள் ஜட்காக்காரருக்குத் தமிழ் தெரியும். பியானோவுக்கு ஆடப்போகிறோம் என்று சித்தி பெருமையாகச் சொல்ல, அவர் திரும்பிப் பார்த்து, "அந்தப் பொட்டிக்கு மூணு காலும்மா. ரெண்டு கால வெச்சுகிட்டு நீங்க எப்படி ஈடு குடுப்பீங்க?" என்றார். பள்ளி வாசல் வரை சிரித்துக்கொண்டே போனோம். பள்ளி விடுதியிலேயே படுக்க இடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. பெரிய கூடம், பலகைத் தரை, சுவரோரமாகக் கறுப்புப் பியானோ. டீச்சர் வாசித்ததும் கால் தானாக எழுந்தது. எங்கள் அடிதான் அது! குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று, கை மாற்றி ஒன்று. ஆனால் அந்த இசை ஒவ்வொரு வரி முடிவிலும் மெதுவாகி, மூச்சுப் பிடிப்பது போல நின்று, பிறகு ஓடும். அங்கேதான் கெட்டது. எட்டுப் பேர் கையும் எட்டு இடத்தில் விழுந்தது, பொரி வெடிப்பது போல.

தலைமையாசிரியை ஒரு துரைசானி. கதவருகே நின்று பார்த்தவர், பியானோ தனியாக இருக்கட்டும், கும்மியை வெளியே மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். டீச்சர் நான்கு மணி வரை அவகாசம் கேட்டார். அதற்குள் சரியாகாவிட்டால் சேர்ந்து ஆடுவது இல்லை.

டீச்சர் எங்களைத் தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்கு அனுப்பிவைத்தார், முகங்களைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான். அங்கே பூவுக்கு முழக்கணக்கு இல்லை, மாருக் கணக்கு. இரண்டு கையையும் விரித்த நீளம். செவ்வந்தியை நடுவில் குவித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கூட நிமிரவில்லை, ஆனாலும் எல்லோர் கையும் சேர்ந்தே போனது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் விளக்கோ முளைப்பாரியோ நடுவில் இல்லாமல் கும்மி அடித்ததே இல்லை. இங்கே நாங்கள் வெறும் தரையைச் சுற்றிக்கொண்டிருந்தோம்!

கூடத்துக்குத் திரும்பியதும் சித்தி காதில் சொன்னேன்.

"எங்காதுல எதுக்குடி ஊதறே? பொட்டிக்காரங்க அங்க இருக்காங்க, அவங்ககிட்டச் சொல்லு."

புதியவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. மணி மூன்றரை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "டீச்சருங்க, பொட்டிய நடுவுல வெக்கோணுங்க. சுத்தி வாரப்ப பொட்டிக்கு முதுகு திரும்பினா உங்களத் தெரியறதில்லீங்க."

"அஷ்டேனா? இவ்வளவுதானா?" என்றார் டீச்சர். "இத காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

பியானோவின் காலடியில் சின்னச் சக்கரங்கள் உண்டு. தோட்டக்காரரும் நாங்களும் சேர்ந்து தள்ளினோம். மேல் மூடியைச் சாத்தியதும் டீச்சரின் தோள் எல்லாப் பக்கமும் தெரிந்தது. இசை நிற்கப்போகும்போது அந்தத் தோள் லேசாக உயர்கிறது! அது உயர்ந்தால் குனிந்தபடியே காத்திருந்தோம். இறங்கியதும் ஒரே தட்டு. எட்டுப் பேருக்கும் ஒரே சத்தம்.

நான்கு மணிக்கு வந்து பார்த்த துரைசானி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் சிரித்தார். "நாளைக்கு நாற்காலிய எப்படிப் போடறதுன்னு கேக்கறாங்க. சுத்தித்தானே போடணும்?"

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுற்றிலும் ஜனம். கடைசித் தட்டுக்கு முன் நான் டீச்சருக்கு நேர் எதிரே வந்து நின்றேன். அவர் தோள் உயர்ந்தது, இறங்கவில்லை. ஒத்திகையில் இவ்வளவு நேரம் நிறுத்தியதில்லையே என்று முகத்தைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டினேன். பியானோ கூடவே விழுந்தது.

இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு: கொள்ளேகாலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டால் ரயிலும் போய்விடும், அதனால் வண்டியைச் சீக்கிரம் கட்டுங்கள். பலகைத் தரை வழுக்கும், வெறுங்காலோடு ஆடுங்கள். போனதும் பியானோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரோரம் இருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். அந்நியர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம், நானே கேட்டேன்.