மஞ்சள் வைத்த காசோலை

இன்று வங்கியில் நல்ல கூத்து.

தி.நகர் கடைக்காரர் என் அப்பளத்துக்கு முதன்முதலாகக் காசோலை கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்பாள் காலடியில் வைத்துவிட்டுத்தான் வங்கியில் போட்டேன். ஒரு வாரமாகியும் பணம் வரவில்லை. உளுந்து வாங்காவிட்டால் கல்யாண ஆர்டர் கைநழுவிவிடும்.

கேட்கப் போனேன்.

"மாமி, கீழ இருக்கற நம்பர் மேலயும் மஞ்சள் வெச்சிருக்கீங்க. மெஷின் படிக்கல. வேற செக் வாங்கிட்டு வாங்க" என்றார் குமாஸ்தா.

"மங்களமா இருக்கட்டும்னு வெச்சேன் சார்."

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது மாமி."

எட்டிப் பார்த்தேன். அவருடைய கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"அப்போ இதுக்கு எதுக்கு சார் பொட்டு?"

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். பணம் மட்டும் தரவில்லை.

நாளை புதுக் காசோலை வாங்கப் போகிறேன். அதை வைக்கும் உறைக்கு மட்டும் மஞ்சள் வைத்தால் அம்பாள் ஒத்துக்கொள்வாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.