நாய் உட்கார்ந்த வீடு

நான் வாயைத் திறக்காததால் ஒரு பெண் திருடி என்று பெயரெடுத்தார். சரியாக வேலை செய்த நாய் ஒன்றும் பிழை செய்ததாக ஆயிற்று.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். ஒரு காலை, தூறலில், குடையில்லாமல் ஆபீசுக்குப் புறப்பட்டேன். வழியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்து ஆணியில் ஒரு படங்கு தொங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு அது. எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். ஆபீசின் பின்ஜன்னல் உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன், கணினியைக் காணோம். படங்கை ஜன்னலடியிலேயே போட்டுவிட்டுத் தோட்ட மேலாளரான துரைக்குப் போன் செய்ய ஓடினேன்.

பதுளையிலிருந்து போலீஸ் நாய் வந்தது. கறுப்பும் பழுப்புமான பெட்டை. கூட வந்தவர் சிங்களவர், தமிழ் பேசுவார். திருடன் விட்டுப்போனது என்று நினைத்து அவர் படங்கை நாய்க்குக் காட்டினார். அது முகர்ந்துவிட்டு நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்தது.

துரை சிரித்தார். "நல்ல நாய்! இவரு நம்ம பெரிய கிளாக்கருப்பா."

"காலையில பிஸ்கட் சாப்பிட்டேங்க, அந்த வாசமா இருக்கும்" என்று நானும் சிரித்தேன்.

நாய்க்காரர் சங்கிலியைச் சுண்டி அதை அதட்டினார். படங்கை மறுபடி காட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம். தொழிலாளர் லயத்துப் பெண்ணின் இடுப்புச் சாக்கைத் தலையில் போட்டேன் என்று துரை முன்னால் சொல்லக் கூசினேன். காரணம் அவ்வளவுதான்.

இரண்டாம் முறை நாய் மடுவத்துக்குப் போய், குறுக்குப் பாதையில் இறங்கி, லயத்து வரிசையில் நான்காவது வீட்டு வாசலில் உட்கார்ந்தது. படங்கு அந்த வீட்டுப் பெண்ணுடையது. வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம் விட்டார்கள். கணினி கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் அவர், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துக்கு ஆயாவாகப் போக இருந்தார். "நாய் உக்காந்த வீட்டுக்காரிகிட்டயா புள்ளைய விடுறது?" என்றார்கள் தாய்மார். வேலை வேறொருவருக்குப் போனது. ஓய்வுபெறும்வரை அவர் முழங்கால் வலியோடு மலையேறிக் கொழுந்து பறித்தார்.

நான் ஓய்வுபெற்ற பிறகு நாய்க்காரரைத் தேடிப் பதுளைக்குப் போனேன். அவரும் ஓய்வுபெற்று வீட்டருகே போஞ்சிக் கொடி போட்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சாய்ந்த கொடியொன்றைக் கம்பில் ஏற்றிக் கட்டினார்.

"அது மொதல்லயே உங்களத்தானே காட்டிச்சு மாத்தையா. நான் அதுக்கு ஏசினேன். குழம்பிப்போச்சுன்னு புத்தகத்துல எழுதினேன். பொறகு அத மோப்பத்துக்கு அனுப்பல, ஸ்டேஷன் கேட்டுல காவலுக்குக் கட்டிப்போட்டாங்க. அங்கேயேதான் செத்துச்சு." பிறகு, "எனக்குச் சொல்லி என்ன? அந்த அம்மாகிட்ட போங்க" என்றார்.

மறுவாரம் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடி நிற்கும் களத்துக்கு, அந்தப் பெண்ணையும் வரச்சொல்லி எல்லார் முன்னும் நடந்ததைச் சொன்னேன். இளசுகள் சிலர் சிரித்தார்கள். "கிளாக்கரய்யா படங்கு போட்டாராம்டி!"

அவர் சிரிக்கவில்லை. "இப்ப சொல்றீங்க. அந்தப் படங்கக்கூட போலீசு திருப்பித் தரல. சரி, சொன்னதக் கடுதாசியில எழுதிக் குடுங்க. புள்ள மடுவத்துச் செவுத்துல ஒட்டணும்" என்றார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பசை தடவி அவரே ஒட்டினார். பிள்ளை விட வந்த தாய்மார் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அது போயிற்று. ஆயா வேலை அவருக்கு வரவேயில்லை, வயது கடந்துவிட்டது.

முன்பெல்லாம் வழியில் என்னைக் கண்டால் அவர் ஒதுங்கி நின்று, "வாங்கய்யா" என்பார். இப்போது ஒதுங்குவதில்லை. நான்தான் ஒதுங்கி வழிவிடுகிறேன். அவர் போய்விடுகிறார்.