முனி மூடிய மூன்று பாத்தி

அம்மாமாரே, ஐயாமாரே, நான் கண்டதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அரிசி கண்ணில் படாத, மாவைக்கூட அளந்து தந்த பஞ்ச காலம். ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அந்தக் கார்த்திகையில்தான் மூத்த மகனைப் பசிக்குப் பறிகொடுத்தேன். மிச்சம் மூன்று வயது வள்ளி. அவளுக்கும் பசியில் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. லயத்துக்குப் பின்னால் ஆறு பாத்தி உருளைக்கிழங்கு போட்டிருந்தேன். இன்னும் மூன்று வாரத்தில் தோண்டலாம். அதுதான் அவள் உயிர். முள்வேலி கட்டி, கிட்ட வந்தவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் வாய் அப்படி.

தை பிறந்த ஐந்தாம் நாள் மாலை காற்று சட்டென்று நின்றது. மலையில் எப்போதும் கிடக்கும் மூடுபனியைக் காணோம். நாய்கள்கூடக் குரைக்கவில்லை. அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த பாக்கியம் அக்கா வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு பொட்டு மேகமில்ல புள்ள. இன்னைக்கு உறைபனி விழுந்துரும். செடிய மூடிரு, இல்லாட்டி நாளைக்கு எல்லாம் கருகிரும்."

எதைக் கொண்டு மூடுவது? இருந்த சாக்கெல்லாம் வள்ளிக்குப் போர்வை. மானாப்புல்லை மாட்டுக்காரர்கள் அறுத்துத் தீர்த்திருந்தார்கள். ஒரே இடத்தில்தான் ஆள் உயரத்துக்கு நின்றது: தோட்டத்து எல்லையைக் காக்கும் எல்லைமுனியின் கல்லைச் சுற்றி. அதில் யாரும் கத்தி வைப்பதில்லை. வைத்தால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள். என் வீட்டில் ஏற்கெனவே போய்விட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

சுருட்டும் இல்லை, சூடமும் இல்லை. கல்லின் முன் நின்று அழுதேன். "சாமி, ஒங்க எடத்துல கை வைக்கிறேன். கோவம்னா என்னைய எடுத்துக்கங்க. புள்ளய விட்டுருங்க. கெழங்க மட்டும் காப்பாத்திக் குடுங்க."

கிழக்குப் பக்கம் மட்டும் வெட்டினேன். வெட்டும்போது என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கத்தி புல்லில் விழும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று பாத்தி மூடியதும் வெட்டி வந்த புல் தீர்ந்தது. இருட்டிவிட்டது. மறுபடி அங்கே போகக் கால் வரவில்லை. உள்ளே வந்து வள்ளியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். விடியும் முன் வேலிக்குள் யாரோ நடக்கும் சத்தம். மெதுவாக, சுற்றிச் சுற்றி. சுவர் இடுக்கால் சுருட்டு வாசம் வந்தது. என் வீட்டுக்காரரும் முகர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடிந்ததும் ஓடினேன். மலை முழுக்க வெள்ளை. என் பாத்திகள் ஆறும் புல்லால் மூடிக் கிடந்தன. விலக்கிப் பார்த்தால் இலை பச்சை! முனியின் கல்லுக்கு ஓடினேன். நாலு பக்கமும் புல் அடியோடு அறுபட்டிருந்தது. ஆனால் வழியெல்லாம் விழுந்திருந்த உறைபனியில் என் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. கல்லின் முன் விழுந்து கும்பிட்டேன்.

வெயில் ஏறியதும் லயத்தில் மற்றவர்கள் போட்ட பாத்தி ஒவ்வொன்றும் வெந்நீர் ஊற்றியதுபோல் வதங்கிக் கறுத்தது. பாக்கியம் அக்கா பழஞ்சேலை போட்டு மூடிய போஞ்சி அவரைக் கொடியும் தப்பவில்லை. அவர் வேலிக்கு வெளியே நின்று என் செடிகளைப் பார்த்தார். அவர் கேட்குமுன் நான் முள்ளைப் பிரித்துப் போட்டேன்.

"அக்கா, நான் மூடுனது மூணு. அது என் புள்ளைக்கு. மத்த மூணு எனக்குச் சொந்தமில்ல. தோண்டுனதும் லயத்துக்குப் பிரிச்சுக் குடுங்க."

அந்தத் தையிலும் மாசியிலும் எங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையையும் குழிக்குத் தூக்கிப் போகவில்லை. வள்ளி இப்போது மஹய்யாவில் குடும்பமாக இருக்கிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் எல்லைமுனிக்கு நன்றி சொல்கிறேன். யாரையும் ஏசுவதையும் அன்றோடு விட்டேன்.

ஒன்றுதான் நெஞ்சில் நிற்கிறது. மூத்தவனுக்குப் பசி முற்றியபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, மனுசரிடமும், சாமியிடமும். வீம்பு. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.