லுக்குட்டில் வாங்கிய சுருட்டுப் பெட்டி

சுருட்டு பெருகிவிட்டது, சின்னப் பெட்டி போதவில்லை. காயாமல் ஈரப்பதத்தில் வைக்கும் பெரிய ஹியூமிடோர் பெட்டி ஒன்று விற்பனைக்கு என்று பார்த்து, இன்று கோலா சாவாவிலிருந்து லுக்குட் போனேன்.

விற்றவர் ஓர் அக்கா. கணவர் இறந்து இரண்டு மாதம்.

"உள்ள இருந்த சுருட்டெல்லாம் எங்கக்கா?"

"ஒரே ஈரம் லா தம்பி. மூணு நாளா வெயில்ல காய வெச்சிருக்கேன். தீபாவளி படையல்ல அவருக்கு வைக்கணும்ல?"

வாசலில், முறத்தில், அந்த மனிதர் பல வருடம் சேர்த்ததெல்லாம் சருகாகக் கிடந்தது.

"நல்லா காஞ்சிருச்சிக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, பெட்டிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சா போதாதா?" என்று போய்விட்டாள்.

சுருட்டு சேர்ப்பவர்களே, உங்கள் வீட்டில் யாராவது நின்று கேட்டார்களா?