நூறு மீற்றர்ப் பண்ணை

பள்ளிமுனைக் கடலில் கடலட்டை வளர்க்க அனுமதி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் மீன்பிடிக் கந்தோருக்குப் போனேன். முதுகு நோவால் ஆழக்கடலுக்குப் போக முடியாமல் இருந்த காலம் அது. இடுப்பளவு தண்ணீரில் வட்டமாகத் தடி நட்டு, சுற்றிவர வலை கட்டி, உள்ளே கடலட்டைக் குஞ்சுகளை விட்டால் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். இந்த உடம்போடு செய்யக்கூடிய தொழில் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

படிவத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பண்ணையின் பரப்பளவு எத்தனை சதுர மீற்றர் என்று கேட்டிருந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் கரையில் பண்ணையின் அளவைக் கயிற்றைக் கொண்டுதான் சொல்வோம். வலையின் அடியில் ஓடும் கயிறு நூறு மீற்றர் என்றால் அது நூறு மீற்றர்ப் பண்ணை. ஆனாலும் ‘சதுர’ என்ற சொல் இடித்தது. என்னுடையது வட்டம் அல்லவா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளையிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் என் மனைவியின் தம்பி நின்றிருந்தான்.

“என்ன அத்தான், அக்காவுக்குக் காதல் கடிதமே எழுதுறியள்? கெதியா முடியுங்கோ, கந்தோர் பூட்டப் போறாங்கள்.”

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நூறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அனுமதிக் கடிதத்திலும் நூறு என்றுதான் இருந்தது. மனைவி அதை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துச் செபித்தாள். கயிறு நூறு மீற்றர் வாங்கி, தடி நட்டு, அதற்கேற்ற அளவு குஞ்சுகளை விட்டோம். ஐந்து மாதத்தில், விரல் மாதிரி இருந்தவை உள்ளங்கையை நிறைக்கத் தொடங்கின.

அப்போதுதான் அளக்கிற அலுவலர் படகில் வந்தார். என்னைவிட வயது குறைந்தவர். தடிகளைச் சுற்றி அளந்தார். கடிதத்தைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார்.

“அண்ணை, உங்களுக்குத் தந்தது நூறு சதுர மீற்றர். நீங்கள் பிடிச்சு வைச்சிருக்கிறது எண்ணூறுக்குக் கிட்ட.”

“இல்லை சேர், கயிறு நூறுதான். வேணுமெண்டால் அவிட்டுக் காட்டுறன்.”

“கயிறு சுத்தளவு அண்ணை. நாங்கள் கேட்டது உள்ளுக்கை எவ்வளவு கடல் இருக்கு எண்டு.”

கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு. அது பதினாறு மீற்றர் அளவில் வரும், அதை அதாலேயே பெருக்கி, பிறகு மூன்றே சொச்சத்தால் பெருக்க வேண்டும் என்றார். எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன். கயிற்றை முப்பத்தைந்து மீற்றருக்குக் குறைத்தால் கடிதத்தில் உள்ள அளவு வரும் என்றார்.

“படிவத்தைத் திருத்தித் தரட்டோ சேர்?”

“சுத்திவர உள்ள இடமெல்லாம் மற்ற ஆக்களுக்குக் குடுத்து முடிஞ்சுது. அண்டைக்கு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணை.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, “மூண்டிலை ஒண்டு மிஞ்சுதுதானே, சமாளிப்பம்” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கயிறு மூன்றில் ஒன்றானால் கடலும் மூன்றில் ஒன்று என்பதுதான் எங்கள் கணக்கு. வற்றுத் தண்ணீரில் இருவருமாகத் தடிகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டோம். முன்பு நான் ஒரு பக்கத்திலும் அவள் எதிர்ப் பக்கத்திலும் நின்றால் கத்திக் கூப்பிட வேண்டும். வலையைக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. எட்டில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

எண்ணூறு சதுர மீற்றருக்கு விட்ட அட்டைகள் நூறுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கடலடி மண்ணைத் தின்றுதான் அட்டை வளரும்; அது போதவில்லை. வளர்ந்தவை திரும்பச் சிறுத்தன. மூன்றாம் கிழமை சிலவற்றின் தோலில் வெள்ளைப் புண் கண்டது. தொட்டால் கையோடு வழுவழுவென்று வந்தது.

“இஞ்சாருங்கோ, எல்லாம் சாக முதல் பாதியையாவது வெளியிலை விடுவம்” என்றாள் மனைவி.

ஒவ்வொன்றாக எடுத்து வலைக்கு மேலால் போட்டோம். வெளியே வேறு ஆட்கள் புதிதாகத் தடி நட்டிருந்தார்கள். உள்ளே மிஞ்சியவையும் தப்பவில்லை.

நேற்று வலையை அவிழ்த்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். வேறு எங்காவது இடம் இருக்கிறதா என்று கந்தோரில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ என்று இன்று காலையிலிருந்து மனைவி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். ஓம் என்றேன். சேட்டை மாட்டிப் பொத்தானும் போட்டுக்கொண்டேன். மத்தியானமாகிவிட்டது, இன்னும் வாசலைத் தாண்டவில்லை.